திருவுளச் சீட்டும் லட்சம் டாலரும்

பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும் கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. என் பாட்டனார் காலத்தில், "பையனுக்கு நிலம் எத்தனை வேலி?" என்று கேட்டார்கள். என் தகப்பனார் காலத்தில், "உத்தியோகம் பென்ஷன் உள்ளதுதானே?" என்று கேட்டார்கள். இப்பொழுதோ, காவிரிக் கரையில் உள்ள எங்கள் சிறிய ஊரிலே கூட, "பையன் எச்1பியில் இருக்கிறானா? பச்சை அட்டைக்கு மனுப் போட்டாயிற்றா? மனுப் போட்ட தேதி என்ன?" என்று கேட்கிறார்கள். செவ்வாய் எந்த வீட்டில் இருக்கிறது என்று ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்த அதே சிரத்தையுடன் இந்தத் தேதியையும் விசாரிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பிள்ளையின் வாழ்க்கையில் ஜாதகத்தைவிட இந்தத் தேதிக்குத்தான் அதிக அதிகாரம் இருக்கிறது.

நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு உபாத்தியாயன். வயது 46. அமெரிக்காவை நான் பார்த்ததில்லை. பார்க்கும் உத்தேசமும் இல்லை. ஆயினும் 22 வருஷம் ஒரே ஊரில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்குச் சில கடமைகள் தாமாக வந்து சேருகின்றன. எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு ஆங்கிலத்தில் எந்தச் சர்க்கார் அறிவிப்பு வந்தாலும், அது கைபேசி வழியாகவோ காகித வழியாகவோ கடைசியில் என் மேஜைக்கு வந்துவிடுகிறது. "சார், இதில் என்ன போட்டிருக்கிறது? எங்கள் பையனுக்கு இது பொருந்துமா?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே அந்த தேசத்துச் சட்டத்தைப் படிக்க வேண்டியதாயிற்று. அவ்விதம் படித்ததையும், பக்கத்தில் இருந்து பார்த்ததையும் நேயர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் ஒரு பெரிய தப்பபிப்பிராயத்தைப் போக்கிவிட வேண்டும். எச்1பி என்பது பிள்ளை கேட்டுப் பெறுகிற அனுமதி என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அப்படியல்ல. அதற்கு மனுச் செய்கிறவர் முதலாளி. "இன்ன வேலைக்கு இன்ன படிப்புள்ள இந்த மனிதர் எனக்கு வேண்டும், இந்த வட்டாரத்தில் இந்த வேலைக்கு நடப்பில் உள்ள சம்பளத்துக்குக் குறையாமல் கொடுப்பேன், இவரை அமர்த்துவதால் இங்குள்ள மற்றத் தொழிலாளிகளின் நிலைமை கெடாது" என்று அவர் தொழில் இலாகாவுக்கு வாக்குக் கொடுத்து, பிறகு குடியேற்ற இலாகாவில் மனுப் போட வேண்டும். மனுவின் பிரதான கட்டணங்களை முதலாளியே கொடுக்க வேண்டும்; தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. கெடு முடிவதற்குள் அவர் ஆளை நீக்கினால், ஊர் திரும்புவதற்கு நியாயமான பிரயாணச் செலவையும் கொடுத்தாக வேண்டும். முதலில் மூன்று வருஷம், பிறகு நீட்டித்து மொத்தம் ஆறு வருஷம். ஆகவே பையனின் பாஸ்போர்ட்டில் விழும் முத்திரை பையனுடைய திறமைக்கு மட்டும் கிடைத்த பரிசு அன்று. அது ஒரு முதலாளியின் நாற்காலியோடு கயிறு போட்டுக் கட்டப்பட்ட சீட்டு. இந்தக் கயிற்றைத்தான் நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

இந்த வகை அனுமதிக்கு மூலம் 1952-ம் வருஷத்துச் சட்டத்தில் இருக்கிறது. இப்போதைய உருவம் 1990-ல் வந்தது. அப்போது வருஷத்துக்கு 65,000 பேர் என்று வரம்பு கட்டினார்கள். கம்ப்யூட்டர் தொழில் கொழித்த நாட்களில் அந்த வரம்பு 1,15,000 ஆகி, 2001 முதல் மூன்று வருஷ காலம் 1,95,000 வரையில் உயர்ந்தது. 2004-ல் மறுபடியும் 65,000-க்கு இறங்கியது. அமெரிக்காவிலேயே மேல்பட்டம் பெற்றவர்களுக்கென்று இன்னும் 20,000 இடங்களைச் சேர்த்தார்கள். ஆக 85,000. சர்வகலாசாலைகளும் சில ஆராய்ச்சி ஸ்தாபனங்களும் இந்த வரம்புக்கு வெளியே இருக்கின்றன. மற்றவர்கள் எல்லோருக்கும் இந்த 85,000-தான்.

இடத்துக்கு மேல் மனுக்கள் வந்தால் என்ன செய்வது? குலுக்கிப் போட்டு எடுப்பது. நம் கிராமங்களில் வாய்க்கால் முறையைப் பற்றித் தகராறு வந்தால் கோயிலில் திருவுளச் சீட்டுப் போடுவது உண்டல்லவா? உலகத்திலேயே விஞ்ஞானத்தில் முன்னேறிய தேசம் விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் அதே முறையைத்தான் கையாண்டு வந்தது. ஒரு வித்தியாசம்: கோயிலில் ஓர் ஆளுக்கு ஒரு சீட்டு. அங்கேயோ ஒரே ஆளுக்காகப் பல கம்பெனிகள் பல சீட்டுகள் போட இடம் இருந்தது. 2023-ம் வருஷத்து வசந்த காலத்தில் வந்த 7,80,884 பதிவுகளில் 4 லட்சத்துக்கு மேற்பட்டவை இவ்விதம் ஒரே ஆளுக்காகப் பலர் போட்ட பதிவுகள். அடுத்த வருஷம் முதல், எத்தனை கம்பெனிகள் பதிந்தாலும் ஆளுக்கு ஒரு சீட்டுத்தான் என்று விதியைத் திருத்தினார்கள். அது நல்ல திருத்தம். 2025-ல் தகுதியுள்ள பதிவுகள் 3,43,981, தேர்ந்தெடுக்கப்பட்டவை 1,20,141. தேர்ந்தவர்கள் எல்லோரும் கடைசி வரையில் மனுப் போடுவதில்லையாதலால் 85,000-க்கு மேல் எடுப்பது வழக்கம்.

பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு என்று ஒரு பாடம் உண்டு. பகடை உருட்டுவதும் நாணயம் சுண்டுவதும் பிள்ளைகளுக்கு அலுத்துப் போய்விட்ட சமயத்தில் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். சீட்டு விழுவதற்கு 100-க்கு 35 பங்கு. அங்கே விஞ்ஞானப் படிப்பு முடித்த பிள்ளைக்கு மேற்கொண்டு மூன்று வருஷம் பயிற்சியாக வேலை பார்க்க அனுமதி உண்டு. ஒவ்வொரு வருஷமும் நிலைமை இப்படியே இருக்கும் என்று வைத்துக் கொண்டால், மூன்று தடவையும் சீட்டு விழாமல் போவதற்கு என்ன பங்கு? பிள்ளைகள் பெருக்கிப் பார்த்து 100-க்கு 27 என்றார்கள். அதாவது, நான்கு பேர் படித்து முடித்து, நான்கு பேரும் நல்ல வேலையில் அமர்ந்து, நான்கு பேரையும் முதலாளிகள் வேண்டுமென்று கேட்டு, ஒருவனாவது கடனோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். கடைசிப் பெஞ்சியில் இருந்த ஒரு பெண் எழுந்து, "சார், அவன் என்ன தப்புச் செய்தான்?" என்று கேட்டாள். "கணக்கில் தப்பில்லை, அம்மா" என்று மட்டும் பதில் சொன்னேன்.

நிற்க. 2025-ம் வருஷம் புரட்டாசி மாதத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். செப்டம்பர் 19-ந் தேதி வெள்ளிக்கிழமை, ஜனாதிபதி டிரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். புதிதாக எச்1பியில் ஆள் தருவிக்கும் முதலாளி 1 லட்சம் டாலர் செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆள் நாட்டுக்குள் வர முடியாது. 12 மாத காலத்துக்கு என்று உத்தரவு. நம் பணத்தில் அது அப்போது சுமார் 88 லட்சம் ரூபாய். வர்த்தக மந்திரி லட்னிக், அது வருஷந்தோறும் கட்ட வேண்டிய தொகை என்று சொன்னார். மறுநாள் வெள்ளை மாளிகை, "இல்லை, ஒரே தடவைதான், புதிய மனுக்களுக்குத்தான், ஏற்கனவே விஸா உள்ளவர்களைப் பாதிக்காது" என்றது. நடுவிலே இருந்த ஓர் இரவும் ஒரு பகலும் பட்ட பாடுதான் பெரும்பாடு. பெரிய கம்பெனிகள் வெளிநாடு சென்றிருந்த ஊழியர்களை உடனே திரும்பும்படி எழுதின. விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் புறப்படுவதற்கு முன்பே இறங்கிவிட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. உத்தரவு அமலுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே மகாளய அமாவாசை. எங்கள் ஊர்ப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுக் கரையேறியவர்கள் ஈர வேஷ்டியோடு நின்று, "சார், எங்கள் பையன் போகலாமா, கூடாதா?" என்று என்னைக் கேட்டார்கள். நீத்தார் கடனையும் மறந்து பிள்ளையின் கடனை நினைக்க வேண்டியதாயிற்று!

அக்டோபரில் இன்னும் விளக்கங்கள் வந்தன. அமெரிக்காவுக்குள்ளேயே மாணவராக இருந்து எச்1பிக்கு மாறுகிறவருக்கு அந்தத் தொகை இல்லை. வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் என்றார்கள். அதற்கு முன்பே, பக்கத்து நாடுகளுக்குப் போய் விஸா முத்திரையைப் புதுப்பித்துக் கொள்ளும் சௌகரியம் எடுபட்டுவிட்டது. டிசம்பர் 15 முதல் மனுதாரர்களின் சமூக ஊடகப் பக்கங்களையெல்லாம் பார்வையிட வேண்டும் என்று ஏற்பட்டதனால், சென்னையிலும் ஹைதராபாதிலும் அந்த மாதத்துக்குக் குறித்திருந்த நேர்காணல்கள் பலவற்றை மாதக் கணக்கில் தள்ளி வைத்தார்கள். அந்த மாத இறுதியில் சீட்டு முறையையும் மாற்றி விதி செய்தார்கள். சம்பளத்தை நான்கு படிகளாகப் பிரித்து, உச்சப் படியில் உள்ளவரின் பெயரை நான்கு தடவையும், கீழ்ப் படியில் உள்ளவரின் பெயரை ஒரே தடவையும் குலுக்கலில் சேர்ப்பது என்பது புதிய ஏற்பாடு. அநுபவஸ்தர்களுக்கு இது அநுகூலம். அப்பொழுதுதான் படிப்பை முடித்த பிள்ளைகளுக்குப் பிரதிகூலம். வகுப்பில் போட்ட கணக்கை நான் மறுபடி போட வேண்டும்.

என் பழைய மாணவன் ஒருவன் கதையைச் சொல்கிறேன். இந்த விதிகளெல்லாம் காகிதத்திலிருந்து இறங்கி ஒரு வீட்டுக் கூடத்தில் வந்து உட்காருவது எப்படி என்று அதனால் விளங்கும்.

அவன் தகப்பனார் நெல் அரவை ஆலையில் கணக்கு எழுதியவர். பையன் 2013-ல் மேல்படிப்புக்குப் போனான். இரண்டாவது தடவை சீட்டு விழுந்தது. ஓஹையோ மாகாணத்தில் உணவுப் பண்டங்களைப் பெட்டியில் அடைக்கும் யந்திரங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. மொத்தம் 40 பேர்தான். முதலாளி அறுபது வயதைத் தாண்டியவர். தகப்பனார் ஆரம்பித்த பட்டறையை நடத்துகிறவர். யந்திரங்களை இயக்கும் கட்டளைகளை எழுதுவது நம் பையனின் வேலை. ஆறு வருஷக் கெடு முடிந்தது; ஆனால் முதலாளி பச்சை அட்டைக்கு மனுப் போட்டு அது ஏற்கப்பட்டதால், முறை வரும் வரையில் நீட்டித்துக் கொண்டே போகலாம். 2000-ம் வருஷத்துச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அந்த முறை எப்போது வரும் என்பது தனிக் கதை. உத்தியோக வழியில் வருஷத்துக்கு உத்தேசமாக 1,40,000 பச்சை அட்டைகள். மற்ற நாட்டார் விட்டுவைத்த மிச்சம் இருந்தாலொழிய, ஒரே தேசத்தில் பிறந்தவர்களுக்கு 7 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் அதே வரம்புதான்! நம்மவர்களின் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீண்டிருக்கிறது. இங்கே பிறந்து, தாய் தகப்பனோடு போன குழந்தைகள் வரிசையில் நிற்கும்போதே 21 வயதைத் தாண்டி, பெற்றோருடைய அனுமதியின் நிழலிலிருந்து வெளியே தள்ளப்படுவதும் உண்டு.

2025 நவம்பரில் தகப்பனாருக்கு இருதயத்தில் சத்திர சிகிச்சை. பையன் மனைவியையும் எட்டு வயதுப் பெண்ணையும் அங்கே விட்டுவிட்டு ஓடி வந்தான். பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரை காலாவதி ஆகியிருந்தது. டிசம்பர் மூன்றாம் வாரம் சென்னையில் புதுப்பித்துக் கொண்டு திரும்புவதாக ஏற்பாடு. தகப்பனார் பிழைத்து வீடு வந்து சேர்ந்தார். அதற்கு அடுத்த வாரம், நேர்காணல் மார்ச் மாதக் கடைசிக்குத் தள்ளி வைக்கப்பட்டிருப்பதாகக் கடிதம் வந்தது. அவனுக்கு லட்சம் டாலர் இல்லை. அவன் பழைய ஆள். அவன் மேல் குற்றச்சாட்டும் இல்லை. ஆனாலும் போக முடியாது.

அவன் தாயார் என் வீட்டுக்கு வந்தார். "வாத்தியார் ஐயா, நான்தான் அவனை வரச் சொன்னேன். 'அப்பாவைப் பார்க்க வா' என்று நான்தான் சொன்னேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கணவனைப் பார்க்கப் பிள்ளையை அழைத்ததே ஒரு குற்றம் போல அந்த அம்மாள் குன்றிப் போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, சட்டம் செய்கிறவர்கள் எழுதாத ஒரு தண்டனை எப்படியோ எங்கோ போய் விழுந்துவிடுகிறது என்று தோன்றியது. தகப்பனாரோ கட்டிலில் சாய்ந்தபடி, "நான் பிழைத்துவிட்டேன், சார். என் பிள்ளையின் வேலை பிழைக்குமா?" என்றார்.

அந்த முதலாளியின் பாடும் கஷ்டமே. முதலில் சில வாரங்கள் இங்கிருந்தே வேலை செய்யும்படி சொன்னார். பிறகு வக்கீல்களும் வரிக் கணக்கர்களும் ஆட்சேபித்தார்கள். யந்திரம் ஒன்று பாதியில் நின்றது. வாங்கியவர்கள் அபராதம் கேட்டார்கள். உதவிக்கு இன்னோர் என்ஜினீயரை இந்தியாவிலிருந்து தருவிக்கலாமா என்று யோசித்து, லட்சம் டாலர் என்றதும், "அந்தப் பணத்துக்கு நான் ஒரு புது யந்திரமே வாங்கிவிடுவேன்" என்று கைவிட்டாராம். நம் பையனை அவர் நீக்கவில்லை. ஜனவரி முழுவதும் சம்பளத்தில் பாதியை அனுப்பினார். ஆனால் வேலையில் ஒரு பகுதியைக் கனடாவில் உள்ள ஒரு கம்பெனிக்கு ஒப்படைத்துவிட்டார். வேறு வழி அவருக்கும் இல்லை.

நீக்கியிருந்தால் என்ன ஆகும்? வேலை போனவர் அங்கே 60 நாட்களுக்குள் வேறு முதலாளியைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், குழந்தையின் பள்ளிக்கூடம், வாங்கிய கார், எல்லாவற்றுக்கும் 60 நாள். வெளியே அகப்பட்டுக் கொண்டவருக்கு அந்த 60 நாளும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்த்தரப்பு நியாயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் உபாத்தியாயன் அல்ல. அமெரிக்காவில் வேலை இழந்தவனும் ஒரு குடும்பத்தின் தலைவன்தான். 2015-ல் பிளாரிடாவில் ஒரு பிரபல கம்பெனியில் சுமார் 250 ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். வேலையைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனிகளின் மூலம் எச்1பியில் வந்த இந்தியர்கள் அவர்களில் பலருடைய இடத்துக்கு வந்தார்கள். அந்த ஆட்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகும்படி பழைய ஊழியர்களைப் பணித்தார்கள். நம் வீட்டில் ஒருவருக்கு இது நேர்ந்திருந்தால் நாம் சும்மா இருப்போமா? வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகள் சில, நடப்புச் சம்பளத்தின் கீழ்ப் படியைப் பிடித்துக் கொண்டு மலிவாக ஆள் வைத்ததும், சீட்டுகளை அள்ளிப் போட்டதும் வாஸ்தவம். 2024-ம் நிதி வருஷத்தில் அங்கீகரிக்கப்பட்ட எச்1பி மனுக்களில் 100-க்கு 71 நம் நாட்டவருக்கு. ஒரு தேசம் தன் வாசலைத் தானே காப்பதற்கு உரிமை உடையது. சுதந்திரத்தின் அருமை அறிந்த நாம் அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் நோய் எது, மருந்து எது என்று பார்க்க வேண்டாமா? மலிவு எங்கிருந்து வந்தது? நான் முன்னே சொன்ன கயிற்றிலிருந்து வந்தது. வேறு முதலாளி மனுப் போட்டால்தான் இடம் மாறலாம், நீக்கினால் 60 நாள், பச்சை அட்டை வரிசையிலோ முதலாளியின் தயவு வேண்டும் என்று இருக்கும்போது, அந்த ஊழியன் "எனக்கு இந்தச் சம்பளம் போதாது" என்று எப்படி வாய் திறப்பான்? அவன் வாய் திறக்காததால் பக்கத்து நாற்காலியில் உள்ள அமெரிக்கனின் பேரமும் குறைகிறது. ஆகவே இருவருக்கும் உபகாரம் செய்ய விரும்புகிறவர்கள் கயிற்றைத் தளர்த்த வேண்டும். நடந்ததோ, கயிறு இன்னும் இறுகியது. ஊருக்குப் போய் வருவதற்கே அஞ்சுகிறவன் முதலாளியிடம் வாதாடப் போகிறானா?

முதலாளிகளிலும் இந்தச் சுமை ஒரே மாதிரி விழவில்லை. பெரிய கம்பெனிக்கு வக்கீல் படை உண்டு. கடல் கடந்த கிளைகளும் உண்டு. ஆள் இங்கே வர முடியாவிட்டால் வேலையை அங்கே அனுப்பிவிடும். பென்சில்வேனியா சர்வகலாசாலையின் பிரிட்டா கிளெனன் என்னும் பொருளாதார அறிஞர், 2004-ல் வரம்பு குறைந்த பிறகு நடந்ததை ஆராய்ந்து, பன்னாட்டுக் கம்பெனிகள் கனடா, இந்தியா, சீனா ஆகிய தேசங்களில் உள்ள தம் கிளைகளில் ஆட்களை அதிகமாகச் சேர்த்தன என்று காட்டியிருக்கிறார். 2023 ஜூலையில் கனடா, அமெரிக்காவில் எச்1பியில் இருப்பவர்களுக்கென்று 10,000 அனுமதிகளைத் திறந்தது. இரண்டே நாளில் அத்தனையும் தீர்ந்துவிட்டன. சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாட்டுக் கம்பெனிகளின் சொந்தக் காரியாலயங்கள் வரிசையாக எழும்புவதை நாமே பார்க்கிறோம்.

கிளை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? நெடுந்தூரத்துக்கு ஒரே ஆஸ்பத்திரி உள்ள நாட்டுப்புறத்தில், இந்தியாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ வந்த வைத்தியர்தான் ராத்திரி வேளையில் விழித்திருக்கிறார். அமெரிக்க வைத்தியர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வெளிநாட்டில் படித்தவர். பயிற்சிக்கு வந்த அத்தகையவர்கள் வைத்தியர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருஷம் சேவை செய்தால் தங்கலாம் என்று மாகாணத்துக்கு 30 பேர் வீதம் ஓர் ஏற்பாடே அங்கே உண்டு. கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுக்க ஆள் கிடைக்காத பள்ளிக்கூடங்கள் பிலிப்பைன்ஸிலிருந்து உபாத்தியாயர்களைத் தருவிக்கின்றன. லட்சம் டாலர் என்பது அத்தகைய பள்ளியில் ஓர் உபாத்தியாயரின் ஒரு வருஷச் சம்பளத்துக்கும் மேலே. தேச நலனுக்காக விலக்குக் கேட்கலாம் என்று பிரகடனத்திலேயே ஒரு வாசகம் இருந்தது. ஆனால் விலக்குக் கேட்கவும் வக்கீல் வேண்டுமே! வரம்புக்கு வெளியே இருந்த சர்வகலாசாலைகளும் இந்தத் தொகைக்கு வெளியே இல்லை. அமெரிக்க வர்த்தக சபை நியாய ஸ்தலத்துக்குப் போயிற்று. 2025 டிசம்பரில் வாஷிங்டன் நீதிபதி ஒருவர், ஜனாதிபதிக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தார்.

வாசல் அடைபடுவது நமக்குப் புதிதல்ல. 1917-ல் அமெரிக்கா ஆசியாவின் பெரும் பகுதியை வேலி போட்டு விலக்கியது. 1923-ல் பகத் சிங் திந்த் என்னும் சீக்கியரின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகையால் பிரஜா உரிமை இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. 1946-ல் வேலியில் ஒரு சிறு திட்டி வாசல் திறந்தது: வருஷத்துக்கு 100 இந்தியர்! 1965-ல்தான் தேசவாரிப் பாகுபாடு நீங்கிற்று. அன்று மறுத்தது நம் நிறத்தை. இன்று மறுப்பது நம் எண்ணிக்கையை. இரண்டும் ஒன்றல்ல. முன்னது அவமானம், பின்னது நிபந்தனை. நிபந்தனையைக் கண்டு ஆத்திரப்படுவதைவிட அதைப் படித்துப் பார்த்து நம் வீட்டுக் காரியத்தை ஒழுங்கு செய்து கொள்வதுதான் விவேகம்.

ஆகையால் குடும்பஸ்தர்களுக்கு இரண்டொரு வார்த்தை சொல்லிக் கொள்கிறேன். பிள்ளை படிக்கப் போகட்டும். அங்கே கற்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் குடியிருக்கும் வீட்டை அடகு வைத்து அனுப்பும்போது, அந்தக் கடனை இங்கே கிடைக்கும் சம்பளத்தில் அடைக்க முடியுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். முடியாதென்றால், நீங்கள் படிப்புக்குப் பணம் கட்டவில்லை; குலுக்கலுக்குச் சீட்டு வாங்குகிறீர்கள். சீட்டு விழாமல் திரும்பி வந்த பையனைத் தோற்றவன் என்று நினைக்காதீர்கள். கல்யாணப் பேச்சில் அவனைக் கழிக்காதீர்கள். அவன் படித்த படிப்பு அவனிடமே இருக்கிறது. இந்தத் தேசத்துக்கும் அவனால் காரியம் உண்டு.

என் மாணவனுக்கு மார்ச் கடைசியில் நேர்காணல் நடந்தது. முத்திரை விழுந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் போய்ச் சேர்ந்தான். நாற்காலி இருந்தது, ஆனால் கனடாவுக்குப் போன வேலை திரும்பி வரவில்லை. "சார், இனி அப்பாவுக்கு ஏதாவது என்றால் நான் யோசிக்காமல் வந்துவிட மாட்டேன்" என்று எழுதியிருந்தான். இந்த ஒரு வரியை அவன் தாயாருக்கு நான் படித்துக் காட்டவில்லை.